ஆலோசகரிடம் போகும் முன் ஓர் ஒத்திகை

பிப்ரவரி 10, செவ்வாய்

பல் மருத்துவரின் காத்திருப்பு அறைக்கான திரைச்சீலைகள் இன்று முடிந்தன. சாம்பல் நிறம், கனத்த துணி. வழக்கம்போல நான் அளந்து வெட்டினேன், பொடிசு தைத்தாள். வாங்கிப் போக வந்த வரவேற்பாளர் பெண் கையை நீட்டும்போதுதான் பார்த்தேன்: ஒன்றின் கீழ்மடிப்பு ஒரு பக்கம் நூலளவு ஏறியிருந்தது. ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றபடி தையலைப் பிரித்தேன். பரவாயில்லை, யாருக்கும் தெரியாது என்றாள் அந்தப் பெண். எனக்குத் தெரியுமே.

பொடிசு மறுபடி தைத்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாலை டீயை நின்றுகொண்டே குடித்தாள்.

பிப்ரவரி 11, புதன்

இன்றும் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். பொய் எழுதுவதற்கா இவ்வளவு நல்ல பேனா வாங்கினேன்?

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். "அண்ணி, நான் தனியா போலாம்னு இருக்கேன்."

பொடிசு என் கணவரின் தங்கை. பெயர்தான் பொடிசு, சிறு வயதில் அவர் வைத்தது. ஆள் என்னைவிட ஒரு சாண் உயரம், வயது அறுபத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் மணப்பெண்ணாக இந்த வீட்டுக்குள் வந்தபோது கதவைத் திறந்தவள் அவள்தான். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகள் வேறு ஊரில் வேலையாக இருக்கிறாள். கீழே கடை, மேலே வீடு, நாங்கள் இரண்டு பேர். இதில் யார் எங்கே போவது?

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போகச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். வேறு எங்கே, கடலோரத்தில் இருக்கும் அந்தப் பள்ளித் தோழியிடம்தான் இருக்கும். வாராவாரம் போனில் சிரித்துத் தள்ளுவாளே, அவள்.

அதோடு விட்டாளா? போவதற்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமாம். சண்டை போட்டுக்கொண்டு கிளம்பின மாதிரி இருக்கக் கூடாதாம். பல் மருத்துவரின் வரவேற்பாளர் பெண்ணும் அவள் கணவனும் போய் வந்தார்களாம், நன்றாக இருக்கிறார்களாம்.

நமக்குள்ள சண்டையே இல்லையே என்றேன். "அதான் அண்ணி பிரச்சனையே" என்றாள்.

என்ன பேச்சு இது? நாற்பது வருஷம் ஒரே அடுப்படி. ஒரு நாள் குரல் உசத்தியிருப்பேனா? கான்வென்ட்டில் மதர் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே குரலைத் தாழ்த்தத்தான். ஊர் பேர் தெரியாத ஒருத்தி முன்னாடி போய் உட்கார்ந்து, என் வீட்டுக் கதையை நான் சொல்லணுமா? நல்லா இருக்கு.

பிப்ரவரி 15, ஞாயிறு

மகள் போன் செய்தாள். நியாயம் கேட்கலாம் என்று விஷயத்தைச் சொன்னால், சிரிக்கிறாள். அதெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்கு என்றேன். "அம்மா, நீங்க அப்பாவோட இருந்ததைவிட அத்தையோடதான் அதிக காலம் இருந்திருக்கீங்க. யோசிச்சுப் பாருங்க" என்றாள். ஒரே கூரையின் கீழ் இருக்கும் எந்த இரண்டு பேரும் போகலாமாம். அக்கா தங்கை போகிறார்கள், அப்பாவும் மகனும் போகிறார்கள். ஒருவர் மட்டும் தனியாகவும் போகலாம்.

யோசித்துப் பார்த்தேன். கணக்கு சரிதான்.

போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது நான். என் நோக்கத்தை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் எடுத்துச் சொன்னால் பொடிசு கேட்பாள். இந்த வயதில் தனியாகப் போகக் கூடாது என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, புதன்

மூன்று பேரிடம் பேசினேன்.

முதல் ஆள், நாங்கள் யார் என்று கேட்பதற்கு முன்னாலேயே, மூன்றே சந்திப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். ஜன்னலைப் பார்க்காமல் நான் துணி அளவு சொல்வேனா? வைத்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் போனை எடுத்த பெண் என்னைப் பாட்டிம்மா என்றாள். அதையும் வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஒரு பெண்மணி, குரலை வைத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடமாக இந்த வேலை, இங்கே பேசுவது வெளியே போகுமா என்று எல்லாம் கேட்டேன். அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் ஒழிய வெளியே போகாது. எங்களில் ஒருவர் தனியாக வந்து பேசினால், அது மற்றவருக்கும் சம்பந்தப்பட்டதாக இருந்தால், மூடி வைக்க உதவ மாட்டார்; அதை இப்போதே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். யார் பக்கம் பேசுவீர்கள் என்றேன். "யார் பக்கமும் இல்ல. அது பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். எல்லோரிடமும் முதலில் கேட்பாராம், ஏனென்றால் அப்படிப்பட்ட வீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பதே தவறாகிவிடுமாம். யாராவது யார் மீதாவது கை ஓங்குவது உண்டா?

"எங்க வீட்ல புருவம் மட்டும்தான் ஓங்கும்" என்றேன்.

எதிர்முனையில் ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கியிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். வரும்போது, மற்றவர் மாற வேண்டியதைவிட, தான் மாற விரும்புவது என்ன என்று யோசித்து வரச் சொன்னார்.

யோசித்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒன்று முடிவு செய்தேன். அந்நியர் முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசி மானத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது. பேசுவதை முன்கூட்டியே பேசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொடிசிடம் சொன்னேன். "அங்க போய் ரெண்டு பேரும் நாடகமா போடப் போறோம்?" என்றாள். ஆனால் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஆளுக்கு மூன்று குறை. அதற்கு மேல் கூடாது.

அவள் தொடங்கினாள். "நீங்க என்னைத் திட்டினதே இல்ல அண்ணி. திருத்துவீங்க. திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன்."

இது வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆலோசகர் உன் பக்கம் சாய்ந்துவிடுவார் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கவிழ்ந்தது.

பிறகு பேரம். குளிக்கும்போது அவள் பாடுவதை நான் சொல்ல மாட்டேன். கழுவிய கரண்டிகளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை அவள் சொல்லக் கூடாது. சரி என்றாள். போனில் அவள் உரக்கப் பேசுவதைச் சொல்லலாம் என்றேன். அப்படியானால் நான் ஒட்டுக் கேட்பதையும் சொல்லலாம் என்றாள். ஒட்டுக் கேட்பதாவது! தெருவுக்கே கேட்கிறது.

இரண்டு விஷயத்தை மட்டும் ஒரே மனதாக விலக்கினோம். ஒன்று, அவர். இறந்தவரை அங்கே இழுக்கக் கூடாது. இன்னொன்று, அவள் கிளம்புவது. அதை எடுத்தால் பேச்சு நீளும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி அண்ணி என்றாள்.

நடுவில் பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்தார். உள்ளே விருந்தா என்று கேட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

எனக்கும் ஞாபகமில்லை, கடைசியாக எப்போது என்று.

பிப்ரவரி 24, செவ்வாய்

போய் வந்தோம்.

வெளியறையில் ஒரு இளம் ஜோடி, ஆளுக்கொரு போன். மகனுக்காக வந்திருக்கிறீர்களா என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "இல்லம்மா, எங்களுக்காக. நான் இவங்க நாத்தனார்" என்றாள் பொடிசு, பரிசு வாங்க வந்தவள் மாதிரி. அந்தப் பையன் போனை மடியில் வைத்துவிட்டான்.

உள்ளே ஒரு சோபா, ஒரு நாற்காலி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி. ஜன்னல் திரையில் ஒரு கொக்கி கழன்று தொங்கியது. பார்க்காமல் இருந்தேன். இருக்க முயன்றேன்.

ஒத்திகை பார்த்தபடியே எல்லாம் நடந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டு என் மூன்றையும் சொன்னேன். அவள் தன் மூன்றையும் சொன்னாள். குறுக்கே பேசவில்லை. நன்றி கூடச் சொல்லிக்கொண்டோம்.

ஆலோசகர் பேனாவை மூடினார். "ரொம்ப அழகா பேசுறீங்க ரெண்டு பேரும். வீட்ல ஒத்திகை பார்த்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பொடிசு பொங்கிவிட்டாள். அவளால் எதை அடக்க முடியும்? கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, வெட்டும் மேசை, பேரம், கரண்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எனக்கு முகம் சிவந்துபோனது. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கே வருகிறவர்கள் பாதிப்பேர் வழியில் காரில் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள், நீங்கள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றார். அப்புறம் கேட்டார்:

"எதைச் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணீங்க?"

சிரிப்பு நின்றது. நான் அந்தக் கொக்கியைப் பார்த்தேன்.

பதில் சொல்லுவதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது. அவசரமில்லை என்றார். வீட்டு வேலை ஒன்று கொடுத்தார். தினமும் கொஞ்ச நேரம், ஒருவர் பேச, மற்றவர் கேட்க வேண்டும். திருத்தக் கூடாது. முதல் சில வாரங்களில் சூடு குறைவதற்குப் பதில் கூடலாம், பயந்து நிறுத்திவிட வேண்டாம் என்றார்.

பிப்ரவரி 25, புதன்

அவள் பேசினாள். ஒரு தேதியைத் தவறாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. பிறகு போய்க் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன், கடித்துக் கடித்து வீங்கியிருக்கிறதோ என்று.

பிப்ரவரி 27, வெள்ளி

சூடு கூடும் என்றாரே. கூடிவிட்டது.

இன்று அவள் முறை. விலக்கி வைத்ததைத் தொட்டாள். "அண்ணன் போன அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் உங்க கையைப் பிடிச்சாங்க. என்கிட்ட டீ ரெடியான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

திருத்துவதற்கு இதில் ஒன்றுமில்லை. அப்படித்தான் நடந்தது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்த் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கழுவிக் கொடுத்ததை எல்லாம் வெளிச்சத்தில் பிடிக்காமல் துடைத்து வைத்தேன். ஒரு கரண்டியில் சோப்பு இருந்தது. இருக்கட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் மட்டும் தனியாகப் போனேன். பொடிசிடம் சொல்லிவிட்டுத்தான்.

என் வாதத்தை ஒழுங்காக எடுத்து வைத்தேன். அவளுக்கு முழங்கால் வலி. அவளுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை. கடையில் தைக்க அவளைவிட்டால் ஆளில்லை. எனவே அவள் போகக் கூடாது என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன்.

"நீங்க அவங்ககிட்ட சொன்னீங்களா, போகாதேன்னு?"

எதற்குச் சொல்ல வேண்டும், அவளுக்கே தெரியாதா என்றேன்.

இங்கே தீர்ப்பு கிடையாது என்றார். யாரும் யாரையும் ஜெயிக்க முடியாது. முழங்கால், கடை எல்லாம் சொன்னீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும், அதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை என்றார்.

கோபம் வந்தது. என்ன கேள்வி இது? எழுபத்தொரு வயசுக்காரியிடம், உனக்கு என்ன வேணும், மிட்டாயா என்று கேட்கிற மாதிரி. எனக்கு என்ன வேணும்? எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு அவ வேணும். காலையில அந்தப் பாட்டுச் சத்தம் வேணும் -- சுருதி சேராட்டாலும்.

இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அந்தக் காகிதப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் என் கைக்குட்டையைத்தான் எடுத்தேன். சலவை செய்தது, மடித்தது.

அடுத்த வாரம் இதை அவங்க முன்னாடி சொல்லுங்க என்றார்.

மார்ச் 7, சனி

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதற்கு ஒத்திகை பார்க்கக் கூட ஆளில்லை. அவளிடமா பார்ப்பது?

மார்ச் 10, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், ஒரு சொல் விடாமல்.

சோபாவில் உட்கார்ந்ததும், ஆலோசகர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், பொடிசின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "போகாதே."

அவள் அழுதாள். நான் பயந்துபோனேன். பிறகு பார்த்தால் சிரிக்கவும் சிரிக்கிறாள். "இதை நீங்க சொல்லணும்னு எத்தனை வருஷமா காத்திருந்தேன் தெரியுமா அண்ணி? இந்த வீட்ல நான் உங்களுக்கு வேணும்னு இருக்கேனா, இல்ல அண்ணனோட வந்த சாமான்ல ஒண்ணா இருக்கேனான்னு எனக்குத் தெரியாது."

சரி, அப்போ இருக்கிறாய் அல்லவா என்றேன்.

"இல்ல அண்ணி. போறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். பிறந்தது அப்பா வீட்டில். பிறகு அது அண்ணன் வீடு ஆயிற்று. பிறகு அண்ணி வீடு. தன் சாவியால் ஒரு பூட்டைத் திறந்து, உள்ளே யாருமே இல்லாத அறைக்குள் ஒரு நாளும் அவள் நுழைந்ததில்லை. பசித்தால் சாப்பிடணும், பசிக்காவிட்டால் விடணும். பாதி ராத்திரி வரை விளக்கு எரியணும். கையில் தெம்பு இருக்கும்போதே ஒரு தடவை அப்படி இருந்து பார்க்கணும். "உங்களை விட்டுட்டுப் போகல அண்ணி. நான் ஒரு வீட்டுக்குப் போறேன்."

அவள் அந்த ஆசையைச் சொன்னபோது இருந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இருபது வயதுப் பெண்ணின் முகம். அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கேட்டேன், அவ்வளவு தூரம் போய் அந்தத் தோழியோடு இருந்தால் அது எப்படித் தனியாக இருப்பதாகும் என்று.

"எந்தத் தோழி?"

கடலோரத்தில் என்றேன்.

"கடலோரமா? நம்ம பக்கத்துத் தெரு அண்ணி. மருந்துக்கடைக்கு மேல ரெண்டு ரூம் காலியா இருக்கு. அதான்."

ஆலோசகர் முகத்தை ஏட்டால் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, நான் கேட்பேன் என்று காத்திருந்தாளாம். இருவரும் சேர்ந்து அந்தப் பேச்சையே விலக்கி வைத்தோமே, மேதாவிகள்.

பக்கத்துத் தெரு! இங்கிருந்து தும்மினால் அங்கே கேட்கும். இதற்கா ஒரு மாதம் நான் தூங்காமல் கிடந்தேன்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, கண்டக்டர் பயப்படும் அளவுக்குச் சிரித்தோம்.

மார்ச் 21, சனி

டீ போடும் கெட்டில் யாருக்கு என்று இன்று நல்ல சண்டை. நான் குரலை உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள். எவ்வளவு சுகமாக இருக்கிறது! மதர் மன்னிக்கட்டும்.

கெட்டில் அவளுக்கு.

ஏப்ரல் 1, புதன்

போய்விட்டாள். கட்டில், தையல் பெட்டி, இரண்டு பெட்டித் துணி, என் கெட்டில்.

வீடு அமைதியாக இருக்கிறது. நன்றாக இல்லை. இருக்கட்டும், இன்றுதானே முதல் நாள்.

ஏப்ரல் 9, வியாழன்

கடைக்கு ஒன்பது மணிக்கு வருகிறாள், தலைசீவி, பையோடு, ஆபீஸுக்கு வருகிறவள் மாதிரி. மாலையில் எழுந்து, "சரி அண்ணி, நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறாள். அந்த 'வீட்டுக்கு' என்பதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் அதற்காகவே அப்போது கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

மாதம் ஒரு முறை ஆலோசகரிடம் போவது தொடர்கிறது. விட மனமில்லை. வேடிக்கையாக இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

மருந்துக்கடைக்காரர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். ஒரு நண்பருக்காகக் கேட்கிறாராம், மனைவியோடு இந்த மாதிரி ஆலோசனைக்குப் போவதென்றால் முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

"அந்த நண்பர் உங்க சட்டையைத்தான் போட்டுட்டு நிக்கிறாரா?" என்றேன்.

மனுஷனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. உட்கார வைத்தேன். மனைவிக்குத் தெரியாமல் நாள் வாங்காதீர்கள் என்றேன். அங்கே போய் அவள்மேல் புகார் வாசிக்கப் போகிறோம் என்று நினைத்தால் போகவே வேண்டாம், செலவு மிச்சம். ஆலோசகரைத் தயங்காமல் கேள்வி கேளுங்கள். ஒருவர் ஒத்துவராவிட்டால் வேறொருவரைப் பாருங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. வீட்டு வேலை கொடுப்பார், செய்யுங்கள். மனைவி வர மாட்டேன் என்றால் தனியாகப் போகலாமா என்று கேட்டார். போகலாம், நான் தனியாகப் போன அன்றுதான் என் வண்டவாளம் முழுதும் எனக்கே தெரிந்தது என்றேன்.

போகும் முன் வீட்டில் பேசிப் பார்த்துக்கொள்ளலாமா என்றார், எங்கள் கதை அவருக்கு மேல்மாடியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"தாராளமா. ஆனா எதை வேணாம்னு ஒதுக்கினீங்களோ அதையும் எடுத்துட்டுப் போங்க."

கடைசியில், உங்களுக்குக் கேட்டது கிடைத்ததா என்று கேட்டார். யோசித்துத்தான் பதில் சொன்னேன். கிடைக்கல. கேட்க முடிஞ்சுது. போதும்.

ஏப்ரல் 24, வெள்ளி

பொடிசு அழைத்திருக்கிறாள். ஞாயிறு மதியம், சாப்பிட. "வெறுங்கையோட வரணும்" என்பது நிபந்தனை.

ஏப்ரல் 26, ஞாயிறு

படியேறிக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "யாரு?" என்றாள். நாற்பது வருடத்தில் அவள் என்னை அப்படிக் கேட்டதில்லை. "நான்தான்" என்றேன். "நான்னா?" என்றாள், வேண்டுமென்றே. "உன் அண்ணிடி, கதவைத் திற" என்றேன்.

உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். எதையும் எடுத்து வைக்கவில்லை. சூப்பில் உப்பு கொஞ்சம் அதிகம். இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டு, உப்பு அதிகம் என்று சொன்னேன். தெரியும் அண்ணி, என் வீட்ல இப்படித்தான் என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். முனை வரைக்கும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். பேச்சு முடியவில்லை, நான் அவளைப் படி வரை கொண்டுவிட்டேன். அங்கேயும் முடியவில்லை, அவள் மறுபடி முனை வரை வந்தாள். மருந்துக்கடைக்காரரும் மனைவியும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் யாரைக் கொண்டுவிடுகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

நான் அவளைக் காட்டினேன். அவள் என்னைக் காட்டினாள்.